பூனைக்கு அடிக்கடி சிறுநீர் பிரச்னையா? கம்மி செலவில் சரியான உணவு எது? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பூனை அடிக்கடி மண் தட்டில் போய் உட்காருது, முக்குது, ஆனா ஒரு சொட்டுகூட வரல. மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் கொடுத்துட்டு மறுநாள் வரை காத்திருப்பவர்கள் நிறைய. ஆனால் அது சிறுநீர் அடைப்பாக இருந்தால், அந்த ஒரு நாள் தாமதமே பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

ஒருமுறை இந்தப் பிரச்னை வந்த பூனைக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "இனிமே என்ன சாப்பாடு கொடுக்கணும்? விலை கட்டுப்படியாகுமா?" இதற்கான பதிலை விரிவாகப் பார்ப்போம்.

பூனைக்கு மட்டும் ஏன் இப்படி?

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. எலி, பறவை போன்ற இரையின் உடலில் இருக்கும் தண்ணீரே அதற்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை. தாகம் எடுத்தாலும் பூனை ரொம்ப கம்மியாகத்தான் தண்ணி குடிக்கும். சிறுநீர் கெட்டியாகும். அதில் உள்ள தாது உப்புகள் மணல் மாதிரி படிந்து, நாளடைவில் கல்லாகவும் மாறலாம்.

ஆண் பூனைகளுக்கு சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அந்த மணலும் சளியும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு பாதிக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து.

கல் இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கும் பூனைகளும் அதிகம். புது வீடு, புதுப் பூனை, சத்தம் போன்ற மன அழுத்தமே இதைத் தூண்டுகிறது. எந்த வகையாக இருந்தாலும், உணவில் தண்ணீரைக் கூட்டுவது பலன் தரும்.

பால் சாதமும் கருவாடும் போதுமா?

கூரத்தாழ்வான் அவதரித்த கூரத்திலும், பட்டுத் தறிகள் ஓடும் காஞ்சிபுரம் தெருக்களிலும் எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்பது புதிதல்ல. அசைவம் சமைக்காத வீடுகளில் அதற்குக் கிடைப்பது பால் சாதம் அல்லது தயிர் சாதம். மற்ற வீடுகளில் மீன் தலை, கருவாடு.

இதில் மூன்று சிக்கல் இருக்கு:

* சாதம் போன்ற தானிய உணவே பிரதானமாக இருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மை குறையும். ஸ்ட்ரூவைட் என்ற வகைப் படிகம் உருவாக இது சாதகமான சூழல்.
* பூனை இறைச்சி உண்ணும் பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சி, மீனிலிருந்துதான் அதற்குக் கிடைக்கும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பதை 1987-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.
* கருவாட்டில் உப்பு அதிகம், முள்ளில் தாது உப்புகள் அதிகம். சிறுநீர் பிரச்னை வந்த பூனைக்கு கருவாட்டை நிறுத்திவிடுவதே நல்லது.

பாலும் தண்ணீருக்கு மாற்று அல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும்.

'யூரினரி' பாக்கெட்டை உடனே வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் என்ன படிகம் என்று தெரியணும். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேன் அல்லது எக்ஸ்ரேயும் இதற்கு உதவும்.

ஸ்ட்ரூவைட் கல் என்றால், டாக்டர் பரிந்துரைக்கும் சிறப்பு உணவால் சில வாரங்களில் கரைய வாய்ப்பு உண்டு. கால்சியம் ஆக்சலேட் கல் எந்த உணவுக்கும் கரையாது, அதை எடுக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு பழைய பாடமும் இருக்கு. 1980-களில் பூனைகளுக்கு ஸ்ட்ரூவைட் கல்லே அதிகம் என்பதால், உணவு நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் விதத்தில் உணவை மாற்றின. ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் அதன்பின் கால்சியம் ஆக்சலேட் கல் அதிகரித்தது. ஒரு கல்லுக்கு மருந்தாக இருப்பது இன்னொரு கல்லுக்கு வழி விடலாம். அதனால் எலுமிச்சைச் சாறு, அமில மாத்திரை எதையும் வீட்டில் நாமே முயற்சி செய்யக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் யூரினரி உணவு வேறு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 'யூரினரி கேர்' பாக்கெட் வேறு. சில சிறப்பு உணவுகளில் தாகம் எடுக்க உப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

கம்மி செலவில் என்ன செய்யலாம்?

கணக்கு எளிது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவிலும் குடிப்பதிலும் சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை.

* உலர் உணவு மட்டும்: 60 கிராமில் இருக்கும் தண்ணீர் சுமார் 6 மில்லிதான். மீதி எல்லாம் பூனை தானாகக் குடிக்கணும். பெரும்பாலும் குடிக்காது.
* ஈர உணவு மட்டும்: 85 கிராம் பவுச் ஒன்றில் 65 மில்லிக்கு மேல் தண்ணீர் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று பவுச் வரை ஆகும். எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.
* நடுவழி: ஒரு பவுச்சில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் கலந்து ஒரு வேளைக்கு. மீதி வேளைகளுக்கு 40 கிராம் உலர் உணவை 60 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவைத்து. இதிலேயே சுமார் 160 மில்லி தண்ணீர் உள்ளே போய்விடும்.
* பவுச் வாங்கவே முடியாதவர்கள்: 60 கிராம் உலர் உணவை 90 மில்லி தண்ணியில் ஊறவைத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

ஊறவைத்த உணவு காஞ்சிபுரம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடாததை எடுத்துவிடுங்கள்.

கோழி, மீன் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தனிக் கறியில் கால்சியம் உள்ளிட்ட சத்துகள் போதாது.

எலும்பில்லாத தொடைக்கறியை உப்பு, மஞ்சள், மசாலா இல்லாமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், அந்தத் தண்ணியைக் கீழே கொட்டாமல் ஆறவைத்து உலர் உணவில் ஊற்றுங்கள். சத்தும் கிடைக்கும், பூனையும் விரும்பிக் குடிக்கும்.

மத்தி மாதிரி மீன் கொடுத்தால் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் ஒரு முறை போதும். பச்சை மீன் வேண்டாம். ஈரலும் அளவோடுதான்.

அசைவம் சமைக்காத வீடுகளுக்குப் பாக்கெட் உணவை ஊறவைத்துக் கொடுப்பதே நல்ல வழி.

பாக்கெட் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா? 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது வெறும் தீனி, முழு உணவு அல்ல.
* கிலோ விலையை மட்டும் பார்க்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தேவை என்று பார்த்து, தினச் செலவைக் கணக்கிடுங்கள்.
* லேபிள் இல்லாமல் உதிரியாக விற்கும் உணவும், நாய் உணவும் வேண்டாம். நாய் உணவில் பூனைக்குத் தேவையான அளவு டாரின் இருக்கும் என்ற உறுதி இல்லை.
* உணவை ஒரே நாளில் மாற்றாமல், 7 முதல் 10 நாள்களில் படிப்படியாகக் கலந்து மாற்றுங்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தை உணவுக்குப் பக்கத்திலேயே வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான பாத்திரத்தில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். மண் தட்டும் சுத்தமாக இருக்கணும். அழுக்குத் தட்டைப் பார்த்தால் பூனை சிறுநீரை அடக்கும்.

எப்போது உடனே ஓடணும்?

அடிக்கடி முக்குவது, கத்துவது, சிறுநீரில் ரத்தம், பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருப்பது, வாந்தி, சோர்ந்து படுப்பது. ஆண் பூனைக்கு இதில் எது இருந்தாலும், சிறுநீர் வருகிறதா என்று உடனே கவனியுங்கள். வரவில்லை என்றால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. வாழைத்தண்டுச் சாறு, பார்லி தண்ணி எல்லாம் மனிதர்களுக்கான கைவைத்தியம், அடைப்பை அவை திறக்காது. வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் அந்த மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கு வசதி இல்லை என்றால், சுமார் 75 கி.மீ. தொலைவில் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை உண்டு. கிளம்பும் முன் போன் செய்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விலை உயர்ந்த பாக்கெட் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. டாக்டர் சிறப்பு உணவு எழுதித் தராத பூனைக்கு, இருக்கும் உணவில் இன்றே தண்ணி ஊற்றிக் கொடுக்கத் தொடங்கலாம்.