உள்ளே சிவப்பாக இருக்கலாமா?

"மிஸ், நான் நாளையில இருந்து வேலைக்குப் போகமாட்டன்" என்றார் அந்த அக்கா. 2018ஆம் ஆண்டு ஆவணி மாதம் அது. உப்புவெளிப் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியின் குசினியில் அவர் சேர்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். கணவர் இல்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை.

நடந்தது இதுதான். வெளிநாட்டவர் ஒருவர் மாட்டிறைச்சி ஸ்டேக்கை 'ரெயர்' ஆகக் கேட்டிருக்கிறார். பெரிய சமையற்காரர் அன்று லீவு. இறைச்சியை வாட்டி வெட்டிப் பார்த்த அக்கா, உள்ளே சிவப்பாக இருந்ததால் வேகவில்லை என்று நினைத்து மறுபடியும் தாச்சியில் போட்டார். தோல்போல் இறுகிப்போன அந்தத் துண்டு திரும்பி வந்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழிப்பதாக முகாமையாளர் சொல்லிவிட்டார்.

"இரத்தம் வடியிற இறைச்சியை மனுசர் சாப்பிடுவினமோ மிஸ்? நான் மாடு தொட்டதே இந்த வேலைக்கு வந்தபிறகுதான்" என்று அழுதார்.

நான் படித்தது சமூகவியல். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஹோட்டல் சமையல் கற்பிக்கும் ஒருவரிடமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரிடமும் கேட்டறிந்தேன். விடுதிக் குசினிகளில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு மட்டுமன்றி, வீட்டில் சமைக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அது இரத்தம் அல்ல

ஸ்டேக் என்பது தடிப்பாக வெட்டிய, எலும்பு குறைந்த இளசான இறைச்சித் துண்டு. அதிலிருந்து வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதமே அந்த நிறத்தைத் தருகிறது. சூடு ஏற ஏற அது இளஞ்சிவப்பாகி, பின் மண்ணிறமாகும்.

நடுப்பகுதியின் சூடு 50 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் 'ரெயர்'. 60 பாகையைத் தாண்டினால் 'மீடியம்'. 70 பாகைக்கு மேல் 'வெல் டன்', அதாவது முழுவதும் வெந்தது. 'ரெயர்' என்றாலும் வெளிப்புறம் நன்றாகச் சிவந்து வாட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே குளிர்ந்து கிடந்தால் அது பச்சை இறைச்சி. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், உணவுக்கான வெப்பமானியின் ஊசியைத் தடித்த நடுப்பகுதியில் குத்திப் பார்ப்பதே சரியான முறை. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் உட்சூடு சில பாகை ஏறும். ஆகவே சற்று முன்னரே இறக்கி, சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும்.

எதற்கு விடலாம், எதற்கு விடக்கூடாது?

முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். வெளியே நன்றாக வாட்டும்போது அவை அழிகின்றன. அதனால்தான் உள்ளே சிவப்பாக விடும் வழக்கம் வந்தது. ஆனால் அரைத்த இறைச்சியில் மேலே இருந்த கிருமி உள்ளேயும் கலந்துவிடும். முள்ளுக்கரண்டியால் குத்தி மசாலா ஊறவிட்ட துண்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர்.

அந்நாட்டு அரசின் அறிவுரைப்படி முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 பாகையும் மூன்று நிமிட ஆறுதலும், அரைத்த இறைச்சிக்கு 71 பாகையும், கோழிக்கு 74 பாகையும் வேண்டும். 'ரெயர்' இந்த அளவுக்கும் கீழே உள்ளது. தெரிந்து கேட்கும் சுகதேகியான பெரியவர் தன் பொறுப்பில் சாப்பிடுவது அது. கர்ப்பிணித் தாய்மார், சிறுபிள்ளைகள், வயோதிபர், நோயாளர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. வேகாத இறைச்சியில் இருக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம்.

சூரை மீன்

எங்கள் துறைமுகத்து மீனுக்கும் இது பொருந்தும். சூரை மீனையும் ஸ்டேக்காக வெட்டி, நடுவில் சிவப்பாக விட்டுக் கேட்பவர்கள் உண்டு. இங்கே பெரிய ஆபத்து வேறு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவத்தல், தலையிடி, உடலில் தடிப்பு என்பன வரும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று மாலை வரை ஐஸின்றிக் கிடந்த சூரையை வாங்காதீர்கள். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது திருந்தாது.

எமது சமையல் குறைந்ததல்ல

எங்கள் வீடுகளில் இறைச்சியைச் சிறிதாக வெட்டி, நீண்ட நேரம் கறியாக்குகிறோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வெப்ப நாட்டில், முற்றிய ஆட்டையும் கோழியையும் சமைத்தவர்களின் அனுபவ அறிவு அது. பறங்கியரின் ஸ்மோர் கூட முழுத் துண்டை மெதுவாக வேகவைப்பதுதான். அந்தப் பழக்கத்தை வீட்டில் விடத் தேவையில்லை. 'ரெயர்' என்பது வேறொரு சமையலின் விதி. தொழிலுக்காக அதைக் கற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இவற்றை அக்காவிடம் சொன்னேன். மாட்டிறைச்சி சமைப்பதா இல்லையா என்பது அவருடைய முடிவு என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்து வேலைக்குத் திரும்பினார். முகாமையாளரிடம் வெப்பமானி ஒன்று வாங்கித் தரும்படி கேட்டார். சம்பளத்தில் கழிப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேட்டார். எழுத்து வரவில்லை, பணமும் கழிக்கப்படவில்லை.

சில வாரங்களின் பின் சந்தித்தபோது வேறொரு கதை சொன்னார். கர்ப்பிணியான விருந்தாளி ஒருவருக்கு அரைத்த இறைச்சிக் கட்லட்டை உள்ளே சிவப்பாகத் தரும்படி ஓர்டர் வந்ததாம். "நான் ஏலாது எண்டு சொல்லிட்டன் மிஸ். ஏன் எண்டும் சொன்னன். பெரிய சமையற்காரரும் சரி எண்டுட்டார்."

முதல் நாள் அழுதுகொண்டு நின்றவர்தான். இன்றும் அவர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.