பழைய வேன், கைவிரிக்கும் காப்பீடு: மலைத் தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டிய சட்டம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அங்கிருந்து மன்னவனூர் வரை மலைச்சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பூண்டை நட்டு, களையெடுத்து, அறுவடை செய்பவர்கள் தோட்டத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று கேட்பார் குறைவு. பேருந்து நேரமும் வேலை நேரமும் பொருந்தாத மலையூர்களில், சொந்த நிலமற்ற தலித் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய ஆம்னி வேன். இல்லையேல் சரக்கு வண்டி.

மாருதி நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்திய இவ்வகை வேனில் 796 சிசி இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. முகப்பு தட்டையானது. நேருக்கு நேர் மோதினால், அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ள முன்னிருப்போரின் கால்களுக்கு எதிரே போதிய இடமில்லை. ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநருக்கான காற்றுப்பை, மோதல் சோதனைத் தேர்ச்சி ஆகியவை 2019 ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டன. அவ்வாண்டே ஆம்னியின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. ஆனால் அவ்விதிகள் புதிய வண்டிகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே விற்கப்பட்டவை கைமாறிக் கைமாறி இன்றும் ஓடுகின்றன.

சமவெளியில் சமாளித்துவிடக்கூடிய பழுது மலையில் உயிரைக் குடிக்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வராமல் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். நெடுநாள் மாற்றப்படாத பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்துக் குமிழியிட, மிதி வெறுமனே உள்ளே போகும். எட்டு இருக்கை வேனில் பதினைந்து பேர் ஏறினால் எடை கூடி, ஆபத்தும் கூடும்.

இங்கே சட்டம் ஒரு பெரிய ஓட்டையை விட்டுவைத்திருக்கிறது. வாடகைக்கு ஓடும் மஞ்சள் பலகை வண்டி, முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான வெள்ளைப் பலகை வண்டிக்கோ 15 ஆண்டுகள் வரை அந்தச் சோதனை இல்லை. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் போதும். ஆகவே வெள்ளைப் பலகை வேனில் கூலிக்கு ஆள் ஏற்றுபவர் வரியையும் தவிர்க்கிறார், சோதனையையும் தவிர்க்கிறார். அதன் விலையை உள்ளே இருப்பவர்கள் தருகிறார்கள்.

விபத்துக்குப் பிறகு இந்த ஓட்டை இன்னும் பெரிதாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆவது பிரிவு, மஞ்சள் பலகைப் பயணியர் வண்டியில் செல்வோருக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. வெள்ளைப் பலகை வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், உள்ளே கட்டணமின்றிச் செல்பவர் மூன்றாம் நபர் அல்லர் என்பது 2006-இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. சரக்கு வண்டியில் கட்டணமின்றிச் செல்வோருக்கும் காப்பீடு கிடையாது என்று 2002-இல் தீர்ப்பளித்தது. 2019 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

இதனால் தொழிலாளிக்கு இருபுறமும் பள்ளம். வேனுக்குப் பணம் கொடுத்தேன் என்றால், சொந்த வண்டியை வாடகைக்கு விட்டது ஒப்பந்த மீறல் என்கிறது காப்பீட்டு நிறுவனம். கொடுக்கவில்லை என்றால், கட்டணமில்லாப் பயணி என்கிறது. உண்மையில் அவர் இரண்டும் அல்லர். வேலைக்காக ஏற்றிச் செல்லப்பட்டவர். அந்த மூன்றாவது நிலைக்குச் சட்டத்தில் தெளிவான இடமில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

வண்டிக்கு முழுமைக் காப்பீடு, அதாவது பேக்கேஜ் பாலிசி, இருந்தால் நிலைமை மாறும். உள்ளே இருப்போரையும் அது உள்ளடக்கும் என்பதை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சில வழக்குகளில், நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலோ, அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பு என்கிறது 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அத்தொகையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மீதியை உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். பழைய வேனைத் தவிர வேறு சொத்தில்லாத உரிமையாளரிடம் தீர்ப்பு வெறும் தாளாகவே நின்றுவிடும்.

ஆகவே சிலவற்றை முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது. ஏறும் வண்டியின் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் இட்டால், பதிவும் காப்பீடும் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரியும். விபத்து நேர்ந்தால், யார் வண்டியை அமர்த்தினார், எத்தனை பேர் இருந்தனர், பயணச் செலவு கூலியில் பிடிக்கப்பட்டதா என்பவற்றை முதல் புகாரிலேயே உள்ளபடி சொல்ல வேண்டும். பிறர் எழுதித் தந்த தாளில் கையெழுத்திடலாகாது. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது ஆபத்து. குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அதைச் சலுகையாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஏறுபவரே எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்பது நீதி ஆகாது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டுபவர் காட்டும் வண்டியில் ஏறாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். மறுக்க முடியாதவரிடம் எச்சரிக்கையை மட்டும் கொடுப்பது, பொறுப்பை அவர் தலையிலேயே கட்டுவதாகும். எனவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். வேலை நேரத்துக்கு ஏற்பக் காலையிலும் மாலையிலும் பூம்பாறை, மன்னவனூர் வழித்தடங்களில் அரசுப் பேருந்து ஓட வேண்டும். தொழிலாளரை ஏற்றும் வண்டி தகுதிச் சான்றும் பயணியர் காப்பீடும் உடையதாக இருப்பதற்கு, அதை அமர்த்துபவரையே பொறுப்பாக்க வேண்டும். வேலைக்காக ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளரைக் கட்டணமில்லாப் பயணி என்று ஒதுக்க முடியாதபடி 147-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும்.

மலைப்பூண்டின் பெயரைச் சட்டம் காக்கிறது. அதை விளைவிக்கும் கைகளையும் அது காக்கட்டும்.