பேன் பார்க்க வந்த நர்ஸ்: போருக்குப் பிந்தைய பிரிட்டன் பள்ளிகளில் நடந்தது என்ன?

இங்கிலாந்தில் 1950-களில் பள்ளிக்கூடம் போன ஒருவரிடம் 'நிட்டி நோரா' என்று சொல்லிப் பாருங்கள். எழுபதைத் தாண்டிய அந்தத் தாத்தாவோ பாட்டியோ சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார். 'நிட்' என்றால் ஈர். பள்ளிக்கு வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு தலையாகக் குனியவைத்துப் பேன் பார்க்கும் நர்ஸம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அது.

நர்ஸ் அடிக்கடி வருவார். டாக்டர் வருவது அபூர்வம். பள்ளியில் சேரும்போது ஒரு தடவை, 8 - 10 வயதில் ஒரு தடவை, படிப்பை முடிக்கும் சமயத்தில் ஒரு தடவை. உள்ளாடையோடு நிற்கவேண்டும். உயரம், எடை, பார்வை, காது, பல், தொண்டை, மார்பு, முதுகெலும்பு, பாதம் எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அம்மாவையும் வரச்சொல்லிக் கடிதம் போகும்.

கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருக்கிறது. ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லோரையும், பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஒரு டாக்டர் பார்த்துவிடுகிறார். ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் அவர் கண்ணில் பட்டது என்ன, படாமல் போனது என்ன? இந்தக் கதையில் சுவாரஸ்யமான இடமே அதுதான்.

எதுக்காக ஆரம்பித்தார்கள்?

முதல் காரணம் ராணுவம். 1899-1902 போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசு பயந்துபோனது. 1906-இல் பள்ளிச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம், 1907-இல் பள்ளி மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு சட்டம் வந்தது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. நோயைக் கண்டுபிடிப்பது கட்டாயம், சிகிச்சை கொடுப்பது அப்படியில்லை. 'உங்கள் பையனுக்குப் பார்வை சரியில்லை' என்று சீட்டு வரும். கண்ணாடிக்குக் காசு வீட்டில் இருக்கவேண்டும். இந்த ஓட்டையை அடைத்தது 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். தொடக்கப்பள்ளி, மேல்நிலை இரண்டிலும் பரிசோதனை, அதோடு இலவச சிகிச்சை, இரண்டுமே உள்ளூர்க் கல்வி நிர்வாகத்தின் கடமை ஆனது. 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவையான என்.ஹெச்.எஸ் பிறந்தது. அப்போதும் பள்ளி மருத்துவம் அதில் சேரவில்லை. 1974 வரை கல்வித் துறையிடமே இருந்தது.

ஒரு பூச்சியியலாளர் போட்ட குண்டு

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பெருநகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தாய்மார்கள், கைக்குழந்தைகள், கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த கிராமத்துப் பெண்மணிகள் அலறினார்கள்: 'எல்லார் தலையிலும் பேன்!'

கல்வி வாரியத்துக்குக் குழப்பம். பள்ளிப் பரிசோதனைக் கணக்குப்படி பேன் தொல்லை அவ்வளவு இல்லையே? கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளரிடம் விசாரிக்கச் சொன்னார்கள். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. தொற்றுநோய் மருத்துவமனைகளின் பதிவேடுகளை எடுத்தார். அங்கே சேரும் ஒவ்வொரு குழந்தையின் தலையையும் பார்த்து எழுதிவைப்பது வழக்கம். 1941-இல் அவர் சொன்ன முடிவு: தொழில் நகரங்களில் சிறுமிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பேன். பள்ளிகள் காட்டிய எண்ணிக்கையைவிடப் பல மடங்கு.

வித்தியாசம் எங்கே வந்தது? காய்ச்சல் நாள் பார்த்து வராது. குழந்தை எப்படி இருக்கிறதோ அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பள்ளிப் பரிசோதனைக்கோ தேதி முன்கூட்டியே தெரியும். முந்தின நாள் ராத்திரி அம்மா உட்காரவைத்து, பேன் சீப்பால் வாரி எடுத்து, தலையலசி அனுப்பிவிடுவாள். மானப் பிரச்சினை ஆச்சே! மிச்சத்துக்கு, நீளமான வரிசையில் ஒரு தலைக்கு நர்ஸ் செலவிட்ட நேரமும் சில விநாடிகள்தான். யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுதினார்கள்.

டான்சில்: டாக்டர் மாறினார், நோய் 'குறைந்தது'

பேனில் குறைவாகப் பார்த்தார்கள் என்றால், தொண்டையில் அதிகமாகப் பார்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு மிக அதிகமாக நடந்த அறுவை சிகிச்சை டான்சில் அகற்றுவது. பள்ளி டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, 'வீங்கியிருக்கு' என்று எழுதினால் போதும்.

கல்வி வாரியத்தின் மருத்துவ அதிகாரி அலிசன் குளோவர் 1938-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். வடக்கு லண்டன் பகுதியான ஹார்ன்சியில் 1928-இல் 186 பள்ளிப் பிள்ளைகளுக்கு டான்சில் ஆபரேஷன். 1929-இல் 12. நடுவில் என்னாச்சு? பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். அவ்வளவுதான். புதியவருக்கு அந்த ஆபரேஷனில் பெரிதாக நம்பிக்கை இல்லை. ஆபரேஷன் குறைந்ததால் ஹார்ன்சி பிள்ளைகள் நோயில் விழுந்துவிடவும் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபரேஷன் அதிகமாக நடந்தது என்பதையும் குளோவர் காட்டினார். ஏழைக்குத்தான் நோய் அதிகம் என்கிற வழக்கமான கணக்குக்கு இது தலைகீழ்.

இத்தனை தெளிவான ஆதாரம் வந்தும், போருக்குப் பிறகு, என்.ஹெச்.எஸ் வந்த பிறகும்கூட, பிள்ளைகளுக்கான ஆபரேஷன் பட்டியலில் டான்சில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. மருத்துவத்தில் ஒரு பழக்கத்தை ஒழிப்பது ஒரு கிருமியை ஒழிப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்போ பிள்ளைகளைக் காப்பாற்றியது எது?

பெரும் பங்கு தடுப்பூசிக்கு. தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கிய 1940-இல் 46,281 பேருக்கு நோய், 2,480 மரணம். 1957-இல் 37 பேருக்கு நோய், 6 மரணம். இதில் பள்ளி மருத்துவ சேவைக்கும் பங்குண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே ஓர் இடத்தில் கூடியிருந்ததால் ஊசியோடு அங்கே போவது சுலபம்.

போலியோ ஊசி 1956-இல் வந்தபோது ஆரம்பத்தில் ஆர்வம் மந்தம், குறிப்பாக இளைஞர்களிடம். 1959 ஏப்ரலில் பர்மிங்காம் சிட்டி கால்பந்து வீரர் ஜெஃப் ஹால் போலியோவில் இறந்தார். வயது 29, இங்கிலாந்து அணிக்கு ஆடியவர். அதற்குப் பிறகு ஊசி போடும் இடங்களில் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. 1962 முதல் ஊசியும் போய், சர்க்கரைக் கட்டியில் சொட்டு மருந்து வந்தது.

காசநோய்க்கு பி.சி.ஜி 1953 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடப்பட்டது. லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் பகுதிகளில் பள்ளி முடிக்கும் நிலையில் இருந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 1950-இல் தொடங்கிய சோதனையில், அது சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு தருவதாகத் தெரிந்தது. இந்த இடத்தில் நம்மூர் வருகிறது. அதே பி.சி.ஜி-யை 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பே இல்லை என்று முடிவு வந்தது! மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்களுக்கு மக்கள் ஏற்கெனவே பழகியிருப்பது காரணமாக இருக்கலாம் என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை போன்ற கடுமையான காசநோயை அது தடுக்கிறது. அதனால்தான் நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறார்கள்.

அடுத்தது சாப்பாடு. 1946 முதல் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தினம் மூன்றில் ஒரு பைண்ட், அதாவது சுமார் 190 மில்லி பால் இலவசம். 1968-இல் மேல்நிலைப் பள்ளிகளில் நிறுத்தினார்கள். 1971-இல் 7 வயதைத் தாண்டியவர்களுக்கும் நிறுத்தியவர் அன்றைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். 'பால் பறித்தவர்' என்ற பெயர் அவரைக் கடைசிவரை விடவில்லை. முதலில் நிறுத்திய தொழிற்கட்சிக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை என்பது அரசியல் வேடிக்கை.

பல் விஷயத்தில் பின்னோக்கித்தான் போனார்கள். 1953 பிப்ரவரியில் மிட்டாய்க்கு ரேஷன் முடிந்ததும் கடைகளில் பிள்ளைகள் கூட்டம். சொத்தைப் பல் பெருகிய அதே காலத்தில் பள்ளிப் பல் டாக்டர்கள் குறைந்துபோயிருந்தார்கள். என்.ஹெச்.எஸ்-இல் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கட்டணம் என்பதால் வெளியே வருமானம் அதிகம். பள்ளிச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பலர் போய்விட்டார்கள். எல்லோருக்கும் இலவசம் என்று வந்த திட்டமே பள்ளிப் பிள்ளைகளின் பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

குறிப்பேடுகள் சொன்ன கதை

1946 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பேரை ஜேம்ஸ் டக்ளஸ் என்ற டாக்டர் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்கள் பள்ளிக்குப் போனதும் பள்ளி டாக்டர்களும் நர்ஸ்களும்தான் அவருக்காக அளந்து, பார்த்து, எழுதி அனுப்பினார்கள். அந்தத் தகவல்களை வைத்து டக்ளஸும் வாலரும் 1966-இல் காட்டியது: நிலக்கரிப் புகை மிகுந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மார்புச்சளி, மூச்சுக்குழல் அழற்சி போன்ற கீழ்ச் சுவாசப்பாதை நோய்கள் அதிகம். வெறும் ஜலதோஷம், தொண்டை வலிக்கு அந்தத் தொடர்பு இல்லை. வரிசையில் நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்லியிருக்க முடியாத விஷயம் இது.

இதற்கிடையே, எல்லோரையும் மூன்று தடவை பார்ப்பது வீண் என்ற பேச்சு டாக்டர்களிடமே எழுந்தது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். 1950-களின் கடைசியில் விதிகள் தளர்ந்தன. பெற்றோருக்குக் கேள்வித்தாள் அனுப்பி, ஆசிரியரையும் கேட்டு, சந்தேகமுள்ள பிள்ளைகளை மட்டும் நிதானமாகப் பார்க்கும் முறை பல இடங்களில் வந்தது. நாள்தோறும் வகுப்பில் பார்க்கும் டீச்சருக்குத்தானே தெரியும், யார் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள் என்று?

முத்திரை

பள்ளி டாக்டரின் கையில் இன்னொரு அதிகாரமும் இருந்தது. 1945 விதிகள் சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளை 11 வகையாகப் பிரித்தன: பார்வையற்றோர், காது கேளாதோர், வலிப்பு நோயுள்ளோர், 'மென்மையான உடல்' கொண்டோர் என்று போகும் பட்டியலில் 'கல்வியில் இயல்புக்குக் கீழ்' என்றும் ஒரு வகை. புத்திக்கூர்மை சோதனையை வைத்து அதில் சேர்க்கச் சொன்னவர் பெரும்பாலும் பள்ளி மருத்துவ அதிகாரிதான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் லண்டனில் இந்த வகைப் பள்ளிகளில் அளவுக்கு மீறித் தள்ளப்பட்டதை 1971-இல் ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். பேச்சு வழக்கு வேறு, பழகிய உலகம் வேறு. சோதனையோ வெள்ளைக்கார நடுத்தரக் குழந்தைக்கு எழுதப்பட்டது.

அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. புத்திக்கூர்மை மதிப்பெண் சுமார் 50-க்குக் குறைந்தால், மருத்துவச் சோதனைக்குப் பிறகு, 'பள்ளியில் கற்பிக்க இயலாதவர்' என்று பிள்ளையைக் கல்வி அமைப்பிலிருந்தே வெளியேற்ற 1944-ஆம் ஆண்டின் அதே சட்டம் இடம் கொடுத்தது. இலவச சிகிச்சை தந்த சட்டம்தான் அதுவும். பள்ளிக்குப் பதில் பயிற்சி மையம், மனநல மருத்துவமனை, அல்லது வீடு. 1970-இல் வந்த புதிய சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்தக் குழந்தையையும் அப்படி ஒதுக்கமுடியாது என்றானது. 1946-இல் பிறந்து, அந்தச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைக்கு அப்போது வயது 25.