கூட்டுக்குள் ஒளியும் பகை

பட்டுப்புழு கூடு கட்டும் என்பதை ஆரணி நகரத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த அவ்வூரில் பட்டு நெசவு பல குடும்பங்களின் வாழ்வு. ஆனால், தறி ஓடும் அதே வீட்டில், எவரும் வளர்க்காத மற்றொரு பூச்சியும் பட்டிழையால் கூடு கட்டக்கூடும் என்பதைப் பலர் அறியார். நாய், பூனைகளின் குருதியை உண்டு வாழும் தெள்ளுப்பூச்சியே அது. அதன் புழு, பட்டுப்புழுவைப் போலவே வாயருகே உள்ள சுரப்பியிலிருந்து இழை விட்டுத் தன்னைச் சுற்றிக் கூடு பின்னுகிறது. அக்கூட்டை எவரும் விலைகொடுத்து வாங்கார். எனினும் அதன் இயல்பை அறியாதவரால் தம் வீட்டு நாயையோ பூனையையோ காக்க இயலாது.

தெள்ளு, விலங்கின் உடல்மேல் முட்டையிடும். அம்முட்டை மயிரில் ஒட்டாது. நாய் படுத்த இடத்திலும் நடந்த வழியிலும் உதிர்ந்துவிடும். நன்கு குருதி குடித்த பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இட வல்லது. முட்டையிலிருந்து வெளிப்படும் புழுவுக்கு ஒளி ஆகாது. அது இருளையும் பள்ளத்தையும் நாடிச் செல்லும். ஈரப்பதம் குறைந்தால் மடிந்துவிடும். இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் குழித்தறியின் குழி நினைவுக்கு வரும். இழை அறுந்துபோகாமல் காக்கும் நிலத்தின் ஈரமும், ஒளி புகாத ஆழமும், படிந்த தூசும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. தறியில் அமர்ந்திருப்பவரின் காலடியில் வீட்டு நாயும் சுருண்டு படுக்குமாயின் குறை ஒன்றும் இல்லை, தெள்ளுக்கு!

கூடு கட்டியபின் அதன் மேற்பரப்பில் தூசும் நூல்துணுக்கும் ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பிரித்தறிவது கடினம். தெளிக்கும் மருந்தும் உள்ளே எளிதில் ஊடுருவாது. கூட்டினுள் உருமாறிய பூச்சி, உணவு அருகில் வந்தது என்னும் குறிப்புக் கிடைக்கும்வரை வெளிவராமல், ஏற்ற சூழலில் ஐந்து மாதம் வரைகூடக் காத்திருக்கும். அதிர்வு, அழுத்தம், வெதுவெதுப்பு, மூச்சில் வெளியேறும் கரியமிலவாயு ஆகியவையே அக்குறிப்புகள். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் கால்களில் தெள்ளு மொய்ப்பதன் காரணம் இதுவே. மிதியின் அதிர்வும் உடற்சூடும் நாள்தோறும் கிடைக்கும் தறிக்குழியில் அது நெடுங்காலம் காத்திருக்கவும் தேவையில்லை.

விலங்கின் உடலில் நாம் காணும் வளர்ந்த தெள்ளுகள் அதன் மொத்தத் தொகையில் இருபதில் ஒரு பங்கே என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் கிடக்கின்றன. நாய்க்கு மருந்திட்ட பத்தாம் நாள் மீண்டும் தெள்ளைக் கண்டு, மருந்து போலியானது என்று வெகுள்வோர் பலர். அவர்கள் காண்பது பெரும்பாலும் கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த தலைமுறையை. அவ்வேளையில் அளவை இரட்டிப்பாக்குவதே விலங்கின் உயிருக்கு ஊறு விளைக்கும் பிழை.

உண்ணியின் வழி வேறு. நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி பூச்சியினம் அன்று. எட்டுக் கால்களை உடைய, சிலந்திக்கு உறவான உயிர். முட்டையிலிருந்து வரும் இளம் உண்ணிக்கு மட்டும் ஆறு கால்கள். ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் ஒருமுறை குருதி குடித்து, நாயை விட்டு இறங்கி, மறைவிடத்தில் தோலுரித்து, மீண்டும் ஏறும். தெள்ளின் புழு பள்ளத்தை நாடினால் இவ்வுண்ணி மேட்டை நாடும். சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் கூரையோரத்திலும் ஏறி ஒளியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு மடிகிறது. ஆகவே குழியைப் பெருக்கினால் தெள்ளு குறையும். சுவர் வெடிப்பைப் பூசினால்தான் உண்ணி குறையும்.

இவற்றால் விளையும் தீங்கு அரிப்போடு முடிவதில்லை. பழுப்பு உண்ணி, நாயின் குருதித் தட்டணுக்களைக் குறைக்கும் எர்லிச்சியா நோயையும், சிவப்பணுக்களைச் சிதைக்கும் பபேசியா நோயையும் பரப்புகிறது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறுகள் வெளிறுதல், மூக்கில் குருதி கசிதல், சிறுநீர் செங்கருமையாதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். தெள்ளை விழுங்கும் நாய்க்கும் பூனைக்கும் நாடாப்புழு உண்டாகிறது. அரிதாகக் குழந்தைகளுக்கும் அது தொற்றும்.

அறிவியல் இவ்வுயிர்களின் பங்கை அறிந்த வரலாற்றில் நம் துணைக்கண்டத்துக்கும் இடம் உண்டு. கால்நடைகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று தியோபால்டு சுமித்தும் கில்போர்னும் 1893இல் அமெரிக்காவில் மெய்ப்பித்தனர். எலியிடமிருந்து பிளேக் நோயைத் தெள்ளு கடத்துகிறது என்பதைப் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகள் மடிந்து விழுந்தபோது, காட்டு உண்ணிகள் பரப்பும் புதிய வைரசு நோய் ஒன்று அறியப்பட்டது. இங்கே ஒரு சொற்குழப்பத்தை நீக்கவேண்டும். நம் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என எழுதும் ஸ்கரப் டைபஸ் நோயை நாய் உண்ணி பரப்புவதில்லை. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவமே பரப்புகிறது. அப்பெயரைக் கேட்டு அஞ்சி வீட்டு நாயைத் தெருவில் விடுவது பொருளற்ற கொடுமை.

மருந்தைத் தேர்தல்

முற்காலத்தில் மூட்டைப்பூச்சிக்கும் நாய் உண்ணிக்கும் ஒருசேரத் தூவப்பட்டது கேமக்சின் பொடி. நெடுங்காலம் சிதையாமல் உடற்கொழுப்பில் தங்கும் அந்நஞ்சை இந்தியா 1997இல் தடை செய்தது. தூவும் பழக்கம் மட்டும் முற்றும் மறையவில்லை. தறிக்குழியில் எப்பொடியைத் தூவினாலும், நாள் முழுதும் வெறுங்காலை அதில் வைத்திருப்பவர் நெசவாளரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மருந்துக்குமுன் கேட்கவேண்டிய முதல் வினா, 'எந்த விலங்குக்கு?' என்பதாகும். பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் சிலவற்றை நாய் தாங்கும், பூனை தாங்காது. அந்நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்க்குரிய சில துளிகளைப் பூனையின் கழுத்தில் இட்டால் நடுக்கமும் வலிப்பும் தோன்றி அது இறக்கவும் கூடும். மருந்திட்ட நாயின் அருகே படுத்து அதன் மயிரை நக்கும் பூனைக்கும் அதே இடர் நேரலாம். எலிக்கு அஞ்சிப் பூனை வளர்க்கும் வீட்டில் நாயும் இருந்தால் இதனை மறத்தல் ஆகாது. ஃபிப்ரோனில் நாய்க்கும் பூனைக்கும் பயன்படுகிறது, முயலுக்கோ நஞ்சு.

இரண்டாம் வினா எடையும் வயதும். மாட்டுக்கு வாங்கிய அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் போன்ற அடர்கரைசலைக் கண்மதிப்பால் நீர்கலந்து நாய்க்குப் பூசுவது சிற்றூர்களில் இயல்பாகிவிட்டது. 12.5 விழுக்காட்டு அமிட்ராஸை ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிலிட்டர் கலப்பதற்கும், ஒரு மூடி அளவு ஊற்றுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடாகும். மிக இளங்குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஏற்புடையன அல்ல. நெருங்கிய பற்களையுடைய சீப்பால் வாரி, சோப்பு நீரில் உதறுவதே அவற்றுக்கு உகந்தது. பெரிய நாயின் மருந்தைப் பங்கிட்டுச் சிறு குட்டிகளுக்குத் தருவது சிக்கனம் ஆகாது.

வாய்வழி தரும் அஃபாக்சோலேனர், ஃப்ளூராலானர் வகை மாத்திரைகள் அண்மைக்கால வரவு. அவை குருதியில் கலந்து, கடிக்கும் உண்ணியையும் தெள்ளையும் கொல்கின்றன. முன்னது ஒரு மாதமும் பின்னது ஏறத்தாழ மூன்று மாதமும் பயன் தரும். விலை மிகுதி என்பது உண்மை. எனினும் மயிரிலோ தரையிலோ பாவிலோ குழந்தையின் கையிலோ மருந்து ஒட்டாது என்பதால், நெசவு நடக்கும் வீட்டு நாய்க்கு முதலில் எண்ணத்தக்கது இதுவே எனலாம். இவ்வகை மருந்துகளால் சில விலங்குகளுக்கு வலிப்பு நேரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2018இல் எச்சரித்தது. முன்பே வலிப்பு கண்ட நாயாயின் மருத்துவரிடம் அதனை மறையாது கூறவேண்டும்.

மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் ஆகியவற்றை 'இயற்கை மருந்து' எனக் கருதிப் பூசுவோர் உளர். இரண்டும் நஞ்சே, தன்னைத்தானே நக்கித் தூய்மை செய்யும் பூனைக்கு மிகக் கொடியவை. ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீக்கொள்ளியால் சுடுவதும் தகாது. நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்து, விரலால் நசுக்காமல் சோப்பு நீரில் இடவேண்டும்.

பட்டுப்புழு வளர்ப்போர்க்குத் தனி எச்சரிக்கை உண்டு. தெள்ளைக் கொல்லும் நஞ்சு பட்டுப்புழுவையும் கொல்லும். தெள்ளின் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்துகளுள் சில பூச்சியின் வளர்ச்சிச் சுரப்பைப் போன்று செயற்படுபவை. அவ்வகையைச் சேர்ந்த ஃபெனாக்சிகார்ப் வட இத்தாலியின் பழத்தோட்டங்களில் தெளிக்கப்பட்டபோது, அண்டை நிலங்களின் முசுக்கொட்டை இலையை உண்ட பட்டுப்புழுக்கள் வளர்ந்தும் கூடு கட்டாமல் போயின; அங்கே எஞ்சியிருந்த பட்டுத்தொழில் அதனால் பெரிதும் நலிந்தது. ஆதலால் நாய்க்கு மருந்திட்ட கையோடு புழுத்தட்டையோ இலையையோ தொடலாகாது. மருந்திட்ட நாயை ஆற்றிலோ குளத்திலோ உடனே குளிப்பாட்டுவதும் தவிர்க்கத்தக்கது. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர்மாதிரிகளுள் பெரும்பாலானவற்றில் ஃபிப்ரோனில் காணப்பட்டது.

வீட்டளவில் செய்யத்தக்கவற்றுள் தலையாயது தூய்மை. தறிக்குழியையும் நாய் படுக்கும் மூலையையும் கிழமைக்கு இருமுறையேனும் பெருக்கி, அத்தூசை எரித்தோ உறையில் கட்டியோ அகற்றுதல் வேண்டும். படுக்கைத்துணியை வெந்நீரில் தோய்த்துக் கடும்வெயிலில் உலர்த்தினால் முட்டையும் புழுவும் மடியும். வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும், அவையவைக்கு உரிய மருந்தை ஒரே காலத்தில் தருதல் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதுவே எஞ்சிய தெள்ளுக்குப் புகலிடமாகும். பழைய கூடுகள் அனைத்தும் வெறுமையாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். அதுவரை மருந்தை மருத்துவர் குறித்த இடைவெளியில் தொடரவேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லும்போது விலங்கின் எடையையும் வயதையும், முன்பு தந்த மருந்தின் பெயரையும் நாளையும், வீட்டிலுள்ள பிற விலங்குகளையும் ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவர் தேர்வது எளிதாகும்.