முதுகில் சிவப்புத் திட்டா? இருதய சிகிச்சைச் சீட்டைத் தேடுங்கள்!

எலெக்ட்ரானிக் சிட்டியில் காவலாளியாக வேலை பார்க்கும் தர்மபுரிக்காரர் ஒருவர், இருதய அடைப்புக்காக பெங்களூரில் பலூன் சிகிச்சை செய்துகொண்டார். ஓய்வெடுக்க ஊருக்குப் போனார். மூன்றாவது வாரம் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்தது. மூட்டைப்பூச்சி கடி என்றார்கள் சிலர். படர்தாமரை என்று களிம்பு தடவினார்கள் சிலர். சிகிச்சை செய்துகொண்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நெஞ்சுக்குச் செய்த வைத்தியத்துக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்" என்று அவர், ஹீலலிகே ரயில் நிலையத்தில் இந்த நிருபரிடம் கூறினார்.

சம்பந்தம் உண்டு

கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடியே டாக்டர் அடைப்பை நீக்குகிறார். எக்ஸ்ரே கருவி பெரும்பாலும் மேஜைக்கு அடியில் இருக்கும். எனவே கதிர்கள் முதுகு வழியாகவே நுழைகின்றன. மார்பு எக்ஸ்ரே ஒரு நொடியில் முடிந்துவிடும். இதுவோ, அடைப்பு கடினமாக இருந்தால் நெடுநேரம் நீடிக்கும். கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரே இடத்தில் 2 கிரேக்கு மேல் விழுந்தால் தோல் சிவக்கக்கூடும். அப்போது வலியோ, சூடோ தெரியாது. பருத்த உடலினருக்கும், அடுத்தடுத்து சிகிச்சை பெறுவோருக்கும் அபாயம் அதிகம்.

அமெரிக்காவில் நடந்தது

1990 மார்ச்சில் அமெரிக்காவில் 40 வயதுக்காரர் ஒருவருக்கு பலூன் சிகிச்சையில் சிக்கல் ஏற்பட்டு, மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்டது. ஒன்றிரண்டு மாதத்தில் முதுகு சிவந்தது. பின்னர் ஓரளவு ஆறியது. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அந்த இடத்துச் சதை அழுகி, வேறு தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. இத்தகைய சம்பவங்களுக்குப் பிறகு அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 1994-ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டில் இக்கருவிகளை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.

என்ன செய்வது?

இதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பு உயிரையே பறித்துவிடும். இந்தப் புண்ணோ அபூர்வம். முன்பு இதே சிகிச்சை நடந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கருவியே கதிரின் அளவைக் காட்டும். அதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். சிகிச்சை நெடுநேரம் நடந்திருந்தால், சில மாதங்கள் வரை வீட்டாரை முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தால் சொறிய வேண்டாம். சிகிச்சை செய்த டாக்டருக்குத் தெரிவியுங்கள். தோல் டாக்டரிடம் போனால் சீட்டைக் காட்டுங்கள். விஷயம் தெரியாமல் சதையை வெட்டிச் சோதித்தால் புண் ஆறாமல் போகலாம்.

தர்மபுரிக்காரர் டிரங்குப் பெட்டியில் கிடந்த சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். புண் வைப்பதற்குள் வைத்தியம் தொடங்கிவிட்டது. சிகிச்சை முடிந்து ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள், துணிமணியோடு அந்தச் சீட்டையும் பையில் எடுத்துச் செல்லட்டும்.