ஆபரேஷன் தழும்புல கட்டியா? கவனியுங்க!



தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன் பிரசவம் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படின்னா வயிற்றில் தழும்போடு இருப்பவர்கள் நம்ம ஒவ்வொரு குழுவிலும் இருப்பாங்க. ஆனால் அதைப் பற்றி கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

கர்ப்பப்பையின் உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. மாதாமாதம் தடித்து, மாதவிலக்கு இரத்தத்தோடு வெளியேறுவது அதுதான். ஆபரேஷனின்போது இந்தச் சவ்வின் துணுக்கு வெட்டுக்காயத்தில் ஒட்டிக்கொண்டு, நட்ட நாற்று மாதிரி வேர் பிடித்துவிடலாம். நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இப்படி ஆகும். இடம் மாறினாலும் அதன் குணம் மாறாது. மாதவிலக்கு நாளில் அங்கேயும் வீங்கும், இரத்தம் கசியும். வெளியே வர வழி இல்லையே! அதனால் தழும்பை ஒட்டி கட்டி, வலி. சில வருஷம் கழிச்சுக்கூட தெரியவரும். சுகப்பிரசவத்தில் தையல் போட்ட இடத்திலும் வரலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்பது இதன் பெயர். இது புற்றுநோய் இல்லை.

ஆனால் மிக மிக அபூர்வமாக, இந்தக் கட்டி பல வருஷம் கிடந்து புற்றாக மாறியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உலகம் முழுக்கவே அப்படி மிகக் கொஞ்சம் பேர்தான். அபூர்வம் என்பதால் "தையல் முடிச்சு", "குடலிறக்கம்" என்றே காலம் ஓடிவிடுகிறது. நாமும் பத்து போட்டுக்கொண்டு, "பிள்ளை கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம்.

கட்டி வேகமா பெருசானால், எல்லா நாளும் வலித்தால், தோல் புண்ணாகி நீர் வடிந்தால், மாதவிலக்கு நின்ற வயசிலும் வளர்ந்தால் அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வலி எந்த நாளில் வருது, எப்போ ஆபரேஷன் நடந்தது என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்க. அவருக்கு அதுதான் பெரிய துப்பு. ஸ்கேன் பார்த்துவிட்டு, சுற்றி உள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே கட்டியை எடுப்பார்கள். கொஞ்சம் மிச்சம் விட்டாலும் திரும்ப வரலாம்.

எடுத்த கட்டியை சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்க. என்ன கட்டி என்பது அதில்தான் உறுதியாகும். முடிவு வர சில நாள் ஆகும். தையல் பிரித்ததோடு வந்துவிடாமல், அந்தத் தாளைக் கையில் வாங்கி, டாக்டரிடம் காட்டி, சேமிப்புப் புத்தகத்தோடு பத்திரமா வையுங்க. போகும்போது குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் எடுத்துட்டுப் போங்க.