ஒரே எண், இரு நிறம்: சுவர் வண்ணம் பொருந்தாதபோது செய்ய வேண்டியவை

வீட்டுக்கு வண்ணம் பூசுவது நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் செலவன்று. திருமணம், புதுமனை புகுவிழா, தீபாவளி போன்ற ஒன்றை முன்னிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சேமிப்பிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கியே இவ்வேலையைத் தொடங்குகிறோம். வேலை முடிந்து ஏணிகளை அகற்றியபின், கூடத்தின் ஒரு சுவர் மட்டும் வேறு நிறமாகத் தோன்றினால் மனம் வருந்துவது இயல்பே. அந்த வருத்தத்தில் ‘முழுவதையும் மறுபடி அடித்துவிடலாம்’ என்று முடிவெடுப்போரும் உளர். பெரும்பாலும் அம்முடிவு தேவையற்றது. காரணத்தை முதலில் கண்டறிந்தால், ஒரு சுவரையோ சில சமயம் ஒரு மின்விளக்கையோ மாற்றுவதோடு செலவு முடிந்துவிடும்.

நிறம் ஏன் மாறுகிறது?

இன்று கடைகளில் நாம் வாங்கும் வண்ணங்களில் பெரும்பாலானவை ஆலையிலேயே கலந்து வருவன அல்ல. ‘பேஸ்’ எனப்படும் அடிப்படைப் பெயிண்டில், நாம் தேர்ந்தெடுத்த ஷேடு எண்ணுக்கேற்ப நிறமிகளை இயந்திரம் சிறுசிறு அளவுகளில் சேர்க்கிறது. சேர்த்தபின் டப்பாவை நன்கு குலுக்கித் தருகிறார்கள். பேஸின் தயாரிப்புத் தொகுதி மாறினாலும், நிறமியின் அளவு இம்மியளவு கூடினாலும், குலுக்கும் நேரம் குறைந்தாலும், அதே எண்ணுள்ள இரண்டாவது டப்பாவில் நுண்ணிய வேறுபாடு நேரலாம். தனித்தனிச் சுவர்களில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரே சுவரின் நடுவில் இரண்டும் சந்தித்தால் கோடு போட்டதுபோல் தெரியும்.

பெயிண்டில் குறை இல்லாதபோதும் நிறம் மாறித் தோன்றுவதுண்டு. பட்டி பார்த்த இடத்தில் பிரைமர் அடிக்காமல் விட்டால், பட்டி பெயிண்டை உறிஞ்சி அவ்விடத்தைத் திட்டாகக் காட்டும். ஓரங்களைப் பிரஷ்ஷாலும் நடுப்பகுதியை ரோலராலும் அடிக்கும்போது பரப்பின் தன்மை மாறுவதால் ஒளி வேறுவிதமாகத் தெறிக்கும். மங்கலான பூச்சும் பளபளப்பான பூச்சும் ஒரே ஷேடு எண்ணைக் கொண்டிருந்தாலும் ஒன்றுபோல் தெரியா. போதிய அளவு உலராத புதிய சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை சில நிறமிகளை வெளிறச் செய்யும். மழைக்கால ஓதமும் அவ்வாறே திட்டுகளை உண்டாக்கும். பழைய சுவரோ வெயிலாலும் அடுக்களைப் புகையாலும் ஏற்கெனவே நிறம் மாறியிருக்கும். எனவே மூன்றாண்டு கழித்து, பத்திரமாக எடுத்துவைத்த அதே டப்பாவிலிருந்து ஒட்டுப் போட்டாலும் ஒட்டு தனியாகவே தெரியும்.

இவற்றோடு விளக்கொளியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மஞ்சள் சாயலுள்ள ‘வார்ம் ஒயிட்’ விளக்கு ஏறத்தாழ 3000 கெல்வின் நிறவெப்பம் கொண்டது; நீலச் சாயலுள்ள ‘கூல் டேலைட்’ விளக்கு ஏறத்தாழ 6500 கெல்வின். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரு சாம்பல் நிறங்கள், மஞ்சள் விளக்கின்கீழ் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று ஊதாவாகவும் தோன்றுவது உண்டு.

அட்டைச் சோதனை

காரணத்தைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. இரண்டு வெள்ளை அட்டைகளை எடுத்து, ஒன்றில் முதல் டப்பாவின் மிச்சத்தையும் மற்றொன்றில் பின்னர் வாங்கிய பெயிண்டையும் இரண்டு கோட்டு அடித்து, ஒரு நாள் உலர விட வேண்டும். எமல்ஷன் ஈரமாக இருக்கையில் சற்று வெளிறியும், உலர்ந்தபின் சற்று அடர்ந்தும் தெரிவது வழக்கம். ஆகவே உலராத நிலையில் எந்த முடிவுக்கும் வரலாகாது.

உலர்ந்த அட்டைகளைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பாருங்கள். அவை தமக்குள் வேறுபட்டால், குறை பெயிண்டில் உள்ளது. இரண்டும் ஒன்றாக இருந்து, சுவர்கள் மட்டும் வேறுபட்டால், ஒரே அட்டையை இரு சுவர்களிலும் மாறி மாறி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் அட்டை சுவரோடு கலந்துவிட்டால், வேறுபாட்டை உண்டாக்குவது ஒளியே. மறுபடி அடித்தாலும் அது மாறாது. ஒரு சுவரில் மட்டும் அட்டை தனித்துத் தெரிந்தால், அச்சுவரின் பரப்பில்தான் காரணம் இருக்கிறது.

சரிசெய்யும் முறைகள்

ஒளி காரணமாயின், அறையின் எல்லா விளக்குகளையும் ஒரே நிறவெப்பம் உள்ளவையாக மாற்றிப் பார்ப்பதே மிகக் குறைந்த செலவு.

பரப்பு காரணமாயின், ஓதம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீர்க்கசிவை நிறுத்தாமல் அதன்மேல் அடிக்கும் ஒவ்வொரு கோட்டும் வீண் செலவு. மும்பை, கொச்சி போன்ற ஊர்களில் மழைக்காலம் முடிந்து சுவர் நன்கு உலரும்வரை காத்திருப்பதே நலம். பட்டித் திட்டுகளாயின் அவ்விடங்களுக்குப் பிரைமர் அடித்து, பிறகு அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரு கோட்டு அடிக்க வேண்டும்.

பெயிண்டே காரணமாயினும் முழு அறையையும் அடிக்க வேண்டியதில்லை. வேறுபடும் சுவரை மட்டும், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, இடையில் நிறுத்தாமல் அடித்தால் போதும். இரு சுவர்கள் சந்திக்கும் மூலையில் ஒளியே மாறுவதால் சிறு நிற வேறுபாட்டைக் கண் பொருட்படுத்தாது. சுவரின் நடுவே ஒட்டுப் போடுவதுதான் கூடாது.

பெயிண்ட் மிகுதியாக இருந்து, நிறமும் ஓரளவே விலகியிருந்தால் மற்றொரு வழியும் உண்டு. விலகிய சுவரை அதே நிறக் குடும்பத்தின் தெளிவாக அடர்ந்த ஷேடில் அடித்துவிடலாம். சிறிய வேறுபாடு பிழையாகத் தோன்றும்; பெரிய வேறுபாடு நாமே விரும்பிச் செய்ததாகத் தோன்றும். அடுத்தடுத்த இரு அறைகளின் நிறங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தால், இரண்டிலும் உட்கூரைக்கும் கதவு நிலைகளுக்கும் ஒரே வெள்ளையைத் தருவது அவற்றை இணைத்துவிடும்.

வாங்கும்போதே போடும் கணக்கு

நிற வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் கணக்கில் விடும் குறையே. 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் பரப்பு 540 சதுர அடி. இரண்டு கதவுகளுக்கும் இரண்டு சன்னல்களுக்கும் சேர்த்து 74 சதுர அடியைக் கழித்தால் எஞ்சுவது 466. டப்பாவில் ‘இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி’ என்று எழுதியிருப்பதாகக் கொண்டால், தேவை ஏறத்தாழ 4.25 லிட்டர். சிக்கனம் கருதி 4 லிட்டர் டப்பா ஒன்றை வாங்குகிறோம். கால் லிட்டர் பற்றாமல், ஒரு வாரம் கழித்து மற்றொரு டப்பாவைக் கலந்து வாங்குகிறோம். நான்காவது சுவரில் நிறம் மாறுவது இப்படித்தான். டப்பாவில் உள்ள அளவு வழவழப்பான சுவருக்கானது என்பதால், பத்து சதவீதம் கூட்டி, 5 லிட்டரையும் ஒரே நாளில், ஒரே தயாரிப்புத் தொகுதியில் கேட்டு வாங்குவதே சரி.

வாங்கிய எல்லா டப்பாக்களையும் பெரிய வாளி ஒன்றில் ஊற்றிக் கலந்தபின் அடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு வாங்க நேர்ந்தால், பழைய பெயிண்ட் தீர்வதற்கு முன்பே புதியதை அதனோடு கலந்து, புதிய சுவர் ஒன்றின் மூலையிலிருந்து தொடங்க வேண்டும். ஷேடு கார்டின் சிறு கட்டத்தை மட்டும் நம்பாமல், இரண்டு சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பார்த்து, காலையிலும் இரவு விளக்கொளியிலும் ஒப்புநோக்கியபின் நிறத்தை உறுதிசெய்வது நல்லது. நிறங்கள் பெரும் பரப்பில் அட்டையில் உள்ளதைவிட அழுத்தமாகவே தெரியும்.

பணம் கொடுப்பதிலும் ஒழுங்கு

வேலையைத் தொடங்குமுன், பெயிண்டின் வகை, ஷேடு எண், பூச்சின் பளபளப்பு, கோட்டுகளின் எண்ணிக்கை, நிறம் பொருந்தாவிட்டால் யார் பொறுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பெயிண்டரும் நாமும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். கூலியைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையைச் சுவர் உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தருவது இரு தரப்புக்கும் நியாயமான முறை. பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ செலுத்தினால் பதிவு தானே உண்டாகும். ஜி.எஸ்.டி. பில்லையும், டப்பாவின் மேலுள்ள ஷேடு எண், தொகுதி எண் ஆகியவற்றின் படத்தையும் பாதுகாத்து வையுங்கள்.

கடையோ ஒப்பந்தக்காரரோ குறையைச் சரிசெய்ய மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். அப்போது நமக்குத் துணை நிற்பவை மேற்சொன்ன தாள்களே.

கடனைப் பற்றியும் ஒரு சொல். வீட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் திட்டத்தில் வண்ணப்பூச்சும் ஓர் அங்கமாயின், அதற்கெனவுள்ள கடன் வசதியைக் கிளையில் கேட்டறியலாம். ஆனால் ஒரு சுவரின் நிறக்குறையைப் போக்கத் தனிநபர் கடனோ கடன் அட்டைத் தவணையோ நாடுவது முறையன்று. அட்டைச் சோதனை செய்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தபின், கையிலுள்ள தொகைக்குள் ஒரு சுவரை மட்டும் அடித்துக்கொள்வதே குடும்ப வரவுசெலவுக்கு ஏற்றது.